கூரையைப் பார்க்காத ஆள்

செவ்வாய்க்கிழமை, மழை.

தேயிலை ஃபெக்டரி மூடிய பிறகு இந்தப் பக்கம் வீடு வாங்க ஆளே வரவில்லை. இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டவென்று விலை ஏறிக் கிடக்கிறது. இன்று கொழும்பு புரோக்கர் ஒருவர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். இவ்வளவு மழையிலும் தகரம் ஒழுகுகிறதா என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பின்வாசலில் நின்று பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருக்க வாங்குகிறவர் முதலில் கூரையைத்தான் பார்ப்பார்.

“யாருன்னே தெரியாது. சும்மா வெல கேட்டு வந்திருக்காரு,” என்றார் என் வீட்டுக்காரர்.

நம்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். சீனி டப்பாவைத் திறந்தபோது இவர் பின்னாலேயே வந்து நின்றார்.

“அவருக்குச் சீனி போடாத. சீனி வருத்தம் இருக்கு.”

வந்தவர் அப்படி எதுவும் எங்களிடம் சொல்லவே இல்லை.

இவர் குறட்டை விடுகிறார். காணி உறுதிப் பத்திரம் வைத்த பெட்டியின் சாவி இன்றிரவு என் தலையணைக்கடியில் இருக்கிறது.