மூன்றாம் பச்சை

நவம்பர் 9

காலையில் நானே வயலுக்குப் போனேன். முதுகை வெயிலுக்குக் காட்டி, என் நிழலுக்குள் நெல் இலையை நிற அட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டையில் நாலு பச்சை. பசித்த இலை வெளிச்சத்தை அதிகம் திருப்பி விடுவதால் வெளிறித் தெரியும். அது மூன்று, யூரியா போட வேண்டும். வயிறு நிறைந்தது கறுக்கும், அது நாலு. இதெல்லாம் என் கணவர் உதயன் செய்த வேலை. அயலில் சவிரிமுத்து அண்ணையின் படகை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனவர். படகு மட்டும் நயினாதீவுக் கரையில் ஒதுங்கியது.

மாமி வரம்பில் இருந்து கேட்டார்: "உதயன் என்ன சொல்லுறான் பிள்ளை?"

நான் பார்க்க முன்னமே காதுக்குள் உதயனின் குரல். "மூண்டு." அப்படியே சொன்னேன். மாமி சிரித்தார்.

நவம்பர் 17

மூன்று என்றார். யூரியா வீசினேன்.

நவம்பர் 24

விவசாய அலுவலர் லதீபா அக்கா வந்தார். வயலைக் கண்டதும் முகம் மாறியது.

"இலை கறுத்துப்போய் நிக்குது. இன்னும் போட்டால் பூச்சி விழும், மழைக்குப் படுத்திடும். அட்டையை ஆர் பாக்கிறது?"

"இவர்தான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அக்கா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "ஒரு போகத்துக்கு ஒராளின்ர கண்தான் பாக்கவேணும், நிலுஜா. ஆள் மாறினால் புதுசாத் தொடங்கவேணும்."

புதுசாகத் தொடங்குவதென்றால்? அவருடைய கண் இனி இல்லை என்று நானே — ஏலாது. ஆனால் இந்த வயலும் படுத்துவிட்டால் நானும் மாமியும் எதைச் சாப்பிடுவது?

நவம்பர் 30

"மூண்டு." இன்றைக்குக் குரல் கிட்டக் கேட்டது. பிடரியில் மூச்சுப் பட்டது. திரும்பவில்லை. திரும்பினால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று பயம்.

இலையையே பார்த்தேன். நாலு. பக்கத்து இலையும் நாலு.

"என்னவாம்?"

"நாலு மாமி."

"அவன் மூண்டெண்டெல்லோ சொல்லுறவன்?"

"இண்டைக்கு நான் பாத்தனான்."

மாமி எழும்பிப் போய்விட்டார். யூரியாப் பையின் வாயைக் கட்டினேன். நான்தான் அவரைக் கொன்றேனா?

டிசம்பர் 3

மாமி இரவிலும் வாசல் படலையைக் கொழுவிப் பூட்ட விடுகிறார் இல்லை, உதயன் வருவானாம்.

டிசம்பர் 19

விடாத மழையும் காற்றும். யூரியாவை அள்ளி வீசியவர்களின் வயல்கள் படுத்துவிட்டன. எங்களது சாய்ந்து, பிறகு நிமிர்ந்துவிட்டது. வயலில் நின்று காது கொடுத்துப் பார்த்தேன். குரல் இல்லை. அதற்கும் அழுதேன்.

ஜனவரி 14

தைப்பொங்கல். முதலில் அறுத்த நெல்லில் கொஞ்சம் குத்தி வைத்திருந்தேன். எனக்கு மனமே இல்லை. ஆனால் பொங்காமல் விட்டால், அவர் இல்லை என்று மாமிக்கு நானே சொன்னதாகாதா? விடிய எழும்பி முற்றத்தில் கல் வைத்து, பானையை ஏற்றினேன்.

மாமி வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பானையை இறக்கிக் குசினிக்குள் கொண்டுபோனார்.

"செத்த வீட்டில பொங்கிறேல்லை, பிள்ளை."