ஒலிவாங்கிக்குச் சொன்ன ‘போட்டு வாறன்’

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் துணையால் கொழும்பில் நான் சுகம். அப்பாவின் சீனி வருத்தம் எப்படி? கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறாரா?

போனில் கதைத்தால் என் குரலை வைத்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கிற விஷயம்தான். வெள்ளிக்கிழமை காலை வானொலி நிகழ்ச்சியை முடிக்கும்போது, “உங்களிடமிருந்து விடைபெறுவது நிமலினி” என்று வழக்கம்போலச் சொல்ல வேண்டும். நினைவு எங்கே இருந்ததோ, எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உங்களிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவதுபோல, “சரி, போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டேன். பொறுப்பாளர் முகத்தைச் சுளித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. உடுப்பிட்டியிலிருந்து ஒரு ஐயா, “ஓம் பிள்ளை, கவனமாப் போட்டு வா” என்றார். வேறொன்றும் கதைக்காமல் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒலிபரப்புகிற அந்தக் கண்ணாடி அறைக்குள் இருக்க முடியவில்லை. பாட்டுப் போகிற நேரமெல்லாம் எழுந்து நடக்கிறேன். நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வர லீவு கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் இடித்து அனுப்புங்கள். ஏசிக் குளிருக்கு ஒரு போர்வையும் வேண்டும். புதிது வாங்க வேண்டாம், நீங்கள் போர்க்கிறதையே அனுப்புங்கள்.

தெல்லிப்பழைக்கு வருகிற வினிபிரட் அன்ரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கடிதத்தைக் கேட்கிறா. ஒன்று மட்டும் கேட்டு முடிக்கிறேன். அன்றும் குசினியில் சமைக்கும்போது றேடியோ போட்டிருப்பீர்கள்தானே. நான் அப்படிச் சொன்னபோது, நீங்களும் ஏதாவது சொன்னீர்களா அம்மா?

உங்கள் மகள்
நிமலினி