மேக்ரோ விழுங்கிய வரி

அன்புள்ள சுப்ரா மச்சானுக்கு,

அக்காவைக் கட்டியவர் என்பதால்தான் ‘அன்புள்ள’ என்பதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எழுபதுகளில் ரப்பர் எஸ்டேட்டை விட்டு ஒரே பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்தோம். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு இயந்திரக் கையேடு தயாரிக்கும் கம்பெனியில் உங்களுக்குக் கம்ப்யூட்டர் அறை கிடைத்தது. நீங்கள் சொல்லித்தான் என்னைச் சித்தியவான் கிளையில் சேர்த்தார்கள். அந்த நன்றி மட்டும் இல்லையென்றால் அப்போதே உங்கள் சட்டையைப் பிடித்திருப்பேன்.

பக்கங்களை நீங்கள் அடித்து டிஸ்கெட்டில் அனுப்புவீர்கள், நான் அச்செடுப்பேன். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும் வைத்தால் தலைப்பு, வேறு இரண்டு எழுத்து வைத்தால் உள்தள்ளிய பத்தி. அந்தக் கட்டளைகளுக்குத்தான் மேக்ரோ என்று பெயர். உங்களிடம் புது அச்சுக்கோப்பு இயந்திரம், எங்களிடம் பழைய புரோகிராமும் பழைய பிரிண்டரும். இரண்டுக்கும் தெரிந்த மேக்ரோவைத்தான் போடவேண்டும், புதிதாக எழுதினால் அதையும் டிஸ்கெட்டில் சேர்த்து அனுப்பவேண்டும். நமக்குள் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

நீங்கள் அழகு பார்த்தீர்கள். எச்சரிக்கைகளைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் காட்டச் சொந்தமாக ஒரு மேக்ரோ எழுதினீர்கள். மேனேஜர் தோளைத் தட்டினாராம். எங்கள் புரோகிராமுக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாத கட்டளை வந்தால் அது நிற்காது, சொல்லாது. அந்த வரியை அதிலுள்ள வார்த்தைகளோடு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

விட்டுப்போன வரி, ‘அழுத்தம் முழுதாக இறங்காமல் கதவைத் திறக்காதே.’

ஆயர் தாவார் ஆலையில் பழக்குலை வேகவைக்கும் கலனுக்குப் புதிதாக வந்தவர் முனியாண்டி. என் கையேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கதவைத் திறந்தார். நீராவி அவருடைய வலது கையை வேகவைத்துவிட்டது.

விசாரணையில் நீங்கள் ஈப்போ பிரதியை நீட்டினீர்கள். “எங்கிட்ட சரியாத்தானே சார் இருக்கு. அவன்தான் அச்செடுக்கறப்ப வரிய அழிச்சிருப்பான்,” என்றீர்கள், என் முகத்துக்கு எதிரிலேயே. என் வேலை போனது. நம் சொந்தக்காரர்கள் இருக்கும் சிலிபினில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், ஒரு மனுசன் கையைக் கெடுத்தவன் என்று பின்னால் பேச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அது கூடப் பரவாயில்லை மச்சான். நானே அதை நம்பினேன். எந்தச் சாவியைத் தட்டி அழித்தேன் என்று ஆறு வருடம் யோசித்தேன்.

போன வாரம் அக்கா உங்கள் பெட்டியைக் கொடுத்தாள். “ஒனக்குத்தான் புரியும், பாத்துட்டு வேண்டாதத தூக்கிப் போடு,” என்றாள். அதற்குள் எங்கள் கிளையின் பிரதி. வரி காணாமல் போன இடத்தில் சிவப்புப் பென்சில் வட்டம். பக்கத்தில் உங்கள் கையெழுத்து: ‘சித்தியவானுக்கு மேக்ரோ அனுப்பவில்லை.’

இது விசாரணைக்கு முன்னால் போட்ட வட்டமா, பின்னால் போட்டதா? பின்னால்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு எத்தனை தீபாவளிக்கு என் வீட்டில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களால்தான் முடியும்.

அக்காவிடம் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?”

“ஆயர் தாவார்லதான்க்கா. ஒத்தக் கையால சின்னதா கடை நடத்துறாரு.”

“ஞாயித்துக்கெழம போலாம். நானும் வாரேன்லா.”

ஈப்போ பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கட்டி அனுப்பியது என் தப்பு. அதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன். உங்கள் பெயரையும் சொல்லுவேன், ஒரு எழுத்துக் குறையாமல். இது சத்தியம். உங்களுக்கான மன்னிப்பைக் கேட்க நீங்கள் இல்லை. அதை அக்கா கேட்கப்போகிறாள்.

இன்னமும் உங்கள் மச்சான்தான்,
வேலு