ஸ்டெல்லாவின் முதல் நாள் கல்லூரி

“காலேஜ்ல என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா” என்று நேற்று ஜெனி சொன்னதிலிருந்து அவள் அம்மா ஸ்டெல்லா முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் மூன்றாம் ஆண்டு படிக்கும் கல்லூரியிலேயே, நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு பி.ஏ. தமிழ் கிடைத்திருந்தது. இன்று முதல் வகுப்பு. விடிந்ததும் ஸ்டெல்லா சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். ஜெனிக்குச் சீக்கிரமே லேப், அம்மா திரும்பும்வரை இருக்க முடியாது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

“அம்மா, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்பிடாமப் போகாத. சாவியக் கீழ்வீட்டு அக்காகிட்ட குடு. ஆரப்பாளையத்துல பஸ் ஏறு, உக்கார இடம் கிடைக்கும். பட்டுச்சேலை வேணாம். கிளாஸுக்குள்ள போனதும் டக்குன்னு உக்காந்துரு. முன்னாடி நின்னேன்னா நீதான் மிஸ்ஸுன்னு அம்புட்டுப் பேரும் எந்திரிச்சிருவாக. அட்டென்டன்ஸ் எடுக்குறப்ப ‘பிரசன்ட்’ போதும். ‘சாப்டீகளா சார்’னு கேட்டுறாத. பக்கத்துல இருக்க பிள்ளைகளுக்கு வரன் பாக்காத.”

படித்துப் பார்த்தாள். அம்புட்டும் புத்திமதி, நேற்றுச் சொன்னதற்கு ஒரு வார்த்தை இல்லை. ‘ஸாரி’ என்று எழுதினாள், வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டாள். அதற்குக் கீழே நெருக்கி எழுதினாள்.

“மத்தியானம் கேன்டீன் வாசல்ல நிப்பேன். என் பிரண்ட்ஸெல்லாம் வாராக. எங்க அம்மான்னு காட்டணும். வந்துரு.”

தாளை ஹாட்பாக்ஸ் மூடியில் செருகிவிட்டுப் படியிறங்கியவள் திரும்ப ஓடிவந்து, மிச்சமிருந்த ஓரத்தில் கிறுக்கினாள்.

“கிளாஸைக் கட் அடிச்சா என்னைய விட்டுட்டுப் போயிராத.”