தொட்டிலுக்குள் நாலு தலகாணி

சௌந்திரம் புள்ளைக்கு,

நாலு தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கல. விருந்து சாப்பிட்ட கையை இன்னும் கழுவலையாட்ட இருக்குது. அதான் எழுதி ஆட்டோக்காரர்கிட்டக் குடுத்தனுப்பறேன். என் எழுத்தைப் பாத்துச் சிரிக்காத.

பேர் வெக்க இன்னும் நாள் பாக்கலைன்னு சொன்னியே புள்ள. உன் மக மைதிலி பையனுக்குப் பேர் வெச்சுத் தொட்டில்ல போட்ட படத்தை இன்னைக்கு உன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். ஊரே நிக்குது. தொட்டில் செஞ்சவளைத்தான் காணோம்.

தாலி இல்லாதவ முன்னால நிக்கக் கூடாது, அதானே? அதை என் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம். எங்க ஊட்டுக்காரர் உசிரோட இருந்தப்பகூட என்னை ஒரு விசேசத்துக்கும் போகாம மறிச்சதில்ல. செத்து அஞ்சு வருசங் கழிச்சு மறிக்கறாரு!

அவரு உட்டுட்டுப் போன, லாரிக்கு மரத்துல பாடி கட்டற பட்டறையிலதான் ஒவ்வொரு கட்டையையும் என் கன்னத்துல தேச்சுப் பாத்து இழைச்சேன். தலை மாட்டிக்கக் கூடாதுன்னு கட்டைக்குக் கட்டை மூணு விரக்கடைக்கு மேல இடுக்கு உடல. மெத்தையைக் கெட்டியாத் தெச்சேன். அப்பெல்லாம் என் கை உனக்கு ஆகாம இல்ல.

படத்துல தொட்டிலுக்குள்ள நாலு தலகாணி, ஒரு கரடி பொம்மை. அழகாத்தான் இருக்குது. ஆனா குழந்தை அதுல மூஞ்சி பொதைஞ்சா மூச்சு முட்டிரும், சாமி. எல்லாத்தையும் இப்பவே எடுத்துட்டு ஒரு படம் அனுப்பு.

நான் வந்து பாக்க மாட்டேன், பயப்படாத. அந்தப் படம் வர்ற வரைக்குந்தான் உன் நம்பரை வெச்சிருப்பேன்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி