உறைந்து நின்ற திரை

மார்ச் 4, செவ்வாய்

ஆம்புலன்ஸ் அழைப்பு அறைக்கு நாங்கள் செய்து கொடுத்த திரை அடிக்கடி உறைந்து நிற்கிறதாம். எங்கள் டீம் தலைவர் (மூச்சுக்கு மூச்சு வேகம் பேசுவதால் நாங்கள் வைத்த பெயர் மின்னல்) வைத்தியம் சொல்லிவிட்டார். ஜாவாஸ்கிரிப்ட் கோடில் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார்ஈச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் பழைய ஃபார் லூப் போடணும், பட்டியலின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்காமல் முதலிலேயே தனியாக எடுத்து வைக்கணும். ஒரு மாதம் எல்லோருக்கும் இதே வேலை.

"அளந்து பாத்தீங்களா சார்?"

"இதுல அளக்க என்னம்மா இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

எல்லோரும் சிரித்தார்கள். அளந்து பார்க்க ஒரு வாரம் கேட்டேன். கொடுத்தார்.

மார்ச் 5, புதன்

அண்ணிக்கு அந்த அழைப்பு அறையில்தான் வேலை. சாப்பிடும்போது சொன்னாள்: "ஒருத்தர் மூச்சு வாங்க அட்ரஸ் சொல்றார், திரை அசையவே மாட்டேங்குது. உள்ளங்கையில எழுதிக்கிட்டேன்." கையைக் காட்டினாள். மை இன்னும் போகவில்லை. ஒரு மாசம் இவங்க எப்படித் தாங்குவாங்க?

மார்ச் 7, வெள்ளி

ஒரு நீளப் பட்டியலின் எண்களை இரண்டு முறையிலும் கூட்ட வைத்து அளந்தேன். ஃபார் லூப் பல மடங்கு வேகம்! முகம் தொங்கிப்போச்சு. அப்ப அவர் சொன்னதுதான் சரியா?

மாலை — இல்லை, இல்லவே இல்லை! ஃபார் லூப்பில் கூட்டி வந்த தொகையை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை. யாருக்கும் வேண்டாத கணக்கு என்று கோடை ஓட்டும் எஞ்சின் அதைச் செய்யாமலே தூக்கிப் போட்டிருக்கிறது. ஓடாத குதிரைக்குப் பரிசு கொடுத்திருக்கேன். விடையைக் கடைசியில் அச்சிட வைத்து, எங்கள் அழைப்புப் பட்டியலையே கொடுத்து ஓட்டினேன். இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

மார்ச் 8, சனி

நீளத்தைத் தனியாக வைப்பது: அதுவும் புஸ்.

மார்ச் 10, திங்கள்

அப்ப எதுதான் இழுக்குது? அனுமதி வாங்கி, அண்ணியின் பழைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பிரவுசர் செய்வதை எல்லாம் பதிவு செய்தேன். மாட்டிக்கொண்டது! ஒவ்வொரு வரியைத் திரையில் போட்டதும் "இப்ப பக்கத்தோட உயரம் எவ்வளவு?" என்று கேட்கிறது எங்கள் கோட். பிரவுசர் பாவம், பக்கம் முழுவதையும் மறுபடி கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறது. அடுத்த வரி. மறுபடியும் அதே கேள்வி.

எல்லா வரியையும் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவை கேட்கச் சொன்னேன். அவ்வளவுதான்! கை வைத்ததும் திறக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மின்னல் பார்த்தார். "நகரு" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து, தன் லூப்களைப் போட்டுத் தானே ஓட்டினார். உறைந்தது. என்னுடையதை ஓட்டினார். பறந்தது. மறுபடியும். மறுபடியும்.

"அடிச்சுட்டம்மா!" என்று சிரித்தார். கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "இனிமே யார் வேகம்னு சொன்னாலும் அளந்து காட்டிட்டுப் பேசுங்க. நானா இருந்தாலும்." ஒரு மாத வேலை ரத்து. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன், இந்த வயசுல!

மார்ச் 17, திங்கள்

புதுத் திரை போய் மூன்றாம் நாள். அண்ணி பேசி ஓயவில்லை: வண்டியிலேயே பிறந்த குழந்தை, போனில் அழுத அப்பா, புது மேலதிகாரியின் குறட்டை. திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுக்கமாட்டாமல் கேட்டேன், "திரை எப்படி அண்ணி இருக்கு?"

"எந்தத் திரை?" என்றாள்.