ஒரே இடத்து எண்கள்

தோருன்,
டிசம்பர் 8, 1996

அன்புள்ள இக்னாசிக்கு,

நலம்தானே? சிலியில், உன் தொலைநோக்கி மலையில், இப்போது கோடை என்கிறார்கள். இங்கே நம் ஆய்வறையின் வெப்பக்குழாய் வழக்கம்போல் முனகுகிறது, சூடுதான் வருவதில்லை. இருவருக்கும் ஒரே கணினி. நீ தட்டிக்கொண்டிருக்க, நான் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்த குளிர்காலத்தை இன்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நம் கணினி மொழியில் ஒவ்வொரு எண்ணும் தனிப் பெட்டிக்குள் கிடக்கும். ஒரு விண்மீன் படத்தின் எண்களைக் கூட்டி முடிப்பதற்குள் முட்டைக்கோஸ் சூப்பே கொதித்துவிடும். "எண்ணுக்கெல்லாம் எதுக்குத் தனித்தனி வீடு? வரிசையா ஒரே கட்டில்ல படுக்கட்டும்" என்றாய். அப்படித்தான் எண்களை வரிசையாக அடுக்கும் நம் 'அணி' நிரல் பிறந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் நகல் வராது. அதே எண்களை வேறொரு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். பெரிய படங்கள் இந்தக் கிழட்டுக் கணினியில் அடங்குவது அதனால்தான். அதற்காக எத்தனை பேரோடு சண்டை போட்டாய்!

போன வாரம் பக்கத்து அறை கிராஜினா மேடம் ஒரு படத்தின் மூலையை மட்டும் எடுத்து, வானத்தின் வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்திருக்கிறார். மூலப் படமும் சேர்ந்து மாறிவிட்டது. நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா போக்னா, நான் மூலையைத்தானே தொட்டேன்? உங்க ஆளு பண்ணின வேலை என் நட்சத்திரத்தையே தின்னுடுச்சு."

"உங்க ஆளு" என்றதை நான் மறுக்கவில்லை. காந்த நாடாவில் சேமித்திருந்த படத்தை எடுத்துக் கொடுத்து, நகல் வேண்டுமென்றால் அணியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன். "கேட்டாத்தான் கிடைக்குமா? அவனை மாதிரியேதான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு கழிந்ததும் அந்தக் கணினி மொழியைப் பராமரிக்கும் குழு கூடுகிறது. அணியை மொழியோடு சேர்க்க அவர்களுக்குச் சம்மதம்தான். ஆனால் அதை எழுதிய நாம் இருவருமே தொடர்ந்து பார்த்துக்கொள்வதாக உறுதி தர வேண்டுமாம். ஒருவரை மட்டும் நம்பிச் சேர்க்க மாட்டார்களாம். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மின்னஞ்சல்களுக்கு வசந்தத்திலிருந்து உன் பதில் இல்லை, அதனால்தான் இந்தக் காகிதம். உன் பெயரையும் நானே போட்டுவிடலாம் என்று நம் பேராசிரியர் சொன்னார். போடவில்லை. அது உன்னிடம் கேட்டு வாங்க வேண்டியது.

கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில், எதிர்பாராமல் வருபவருக்கென்று நம் வழக்கப்படி வைக்கும் காலித் தட்டை இம்முறை அம்மா சொல்லும் முன்பே நான் எடுத்து வைத்துவிடுவேன்.

குழுவுக்கு ஒரு வரி போதும். எனக்கும் எழுதுவதானால், அதைவிடச் சற்று நீளமாக எழுது.

உன் வானம் தெளிவாக இருக்கட்டும்.

போக்னா